எல்லோரும் சம்மதித்த இசை

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மஞ்சள் வீடு இருந்தது. ஒரு சமயம் அந்த வீட்டுக்கு மூன்று வாத்தியங்கள் வந்து சேர்ந்தன.

முதலில் வந்தது கஞ்சிரா. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தது. சின்ன உருவம், ஆட்டுத்தோல் முகம், மர விளிம்பில் ஒரே ஒரு ஜோடிக் காசு. ஒவ்வொரு தட்டுக்கும் அந்தக் காசு சிணுங்கும்.

அடுத்து வந்தது பெண்டிர். மொராக்கோ நாட்டின் ஒரு மலையூரில் கல்யாணங்களுக்கும் அறுவடைக்கும் வாசிக்கப்பட்ட வாத்தியம். அதுவும் வட்டமான தோல் வாத்தியம்தான், ஆனால் கஞ்சிராவைப்போல இரண்டு மடங்கு அகலம். தோலுக்கு அடியில் இரண்டு நரம்பு ஓடும். தோலைத் தட்டினால் நரம்பும் கூடவே முனகும்.

கடைசியாக வந்தது செல்லோ. வயலினைப்போல வில்லால் வாசிக்கும், ஆனால் ஆள் உயரத்துக்கு நிற்கும் வாத்தியம். ஆஸ்திரியாவிலிருந்து, விமானத்தில் தனக்கென்று தனி இருக்கை போட்டுக்கொண்டு வந்தது.

மூவரையும் அழைத்தது கிளிக். ஒலிப்பதிவுக் கூடங்களில் கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு 'டக், டக், டக், டக்' என்று எண்ணிக்கொண்டே இருக்கும் சத்தம் அது. வாசிப்பவர்களின் காதுக்கு மட்டும் கேட்கும். இசைத்தட்டில் அது இருக்காது, ஆனால் இசைத்தட்டில் இருக்கும் எல்லோரும் அதன் பேச்சைக் கேட்டவர்களாக இருப்பார்கள்.

"எனக்கு நாடு கிடையாது, மொழி கிடையாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இருக்க என்னால் முடிகிறது" என்று கிளிக் கூட்டத்தைத் தொடங்கியது. "நாம் செய்யப்போவது உலக இசை. அது ஆன்மாவிலிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்."

அன்று திங்கட்கிழமை.

பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும்போது கஞ்சிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெண்டிரா? ஒத்தை ஆளுக்குப் பன்மையில பேரு வச்சிருக்காங்களே!"

"உங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்?" என்று பெண்டிர் கேட்டது.

"பொம்பளைங்கன்னு அர்த்தம்ண்ணே."

"எங்கள் மலையிலும் என்னை எடுத்து வாசிப்பது பெரும்பாலும் பெண்கள்தான்."

"அப்ப பேரு சரிதான்" என்றது கஞ்சிரா. அந்த நிமிஷத்திலிருந்து இரண்டும் சிநேகமாகிவிட்டன.

இசைத்தட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் வரும் என்று கிளிக் சொன்னது. அதில் ஒவ்வொரு வாத்தியத்தின் கதையும் இருக்க வேண்டும்.

"நீ எங்கே பிறந்தாய்?"

"புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பட்டறை. பிறந்து ஆறு வருஷம் ஆச்சு" என்றது கஞ்சிரா.

கிளிக் அதை இப்படி எழுதிக்கொண்டது: 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு கோயிலின் இருளில்.'

பெண்டிர் தான் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்ததாகச் சொன்னது. 'பாலைவனத்துக் காற்றின் குழந்தை' என்று கிளிக் எழுதியது.

"எங்கள் ஊரில் பாலைவனம் இல்லை. குளிர்காலத்தில் பனிகூட விழும்" என்றது பெண்டிர்.

"படிப்பவர்களுக்குக் குளிரும்" என்றது கிளிக்.

செல்லோ தன் கதையைச் சொல்ல வாயெடுத்தது. கிளிக் கையமர்த்தியது. "உனக்குக் கதை தேவையில்லை. நீ இசை."

செல்லோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது.

ஒத்திகை தொடங்கியது. முதல் பத்து நிமிஷத்திலேயே கிளிக் நிறுத்தியது.

"பெண்டிர், பின்னால் ஏதோ முனகல் கேட்கிறதே?"

"அது என் நரம்பு. அதுதான் என் குரல்."

"குரல் தோலில் இருக்கிறது. மற்றது இரைச்சல். கஞ்சிரா, உன் காசு கூடக் கொஞ்சம் தொந்தரவாக இருக்கிறது. எனக்கு உங்கள் ஆன்மா மட்டும் சுத்தமாகக் கிடைத்தால் போதும்."

நரம்பின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டப்பட்டது. காசின் மேல் இன்னொன்று. அதற்குப் பிறகு தட்டிப் பார்த்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலித்தன.

"பார்த்தீர்களா? கண்டங்கள் நெருங்கி வருகின்றன" என்றது கிளிக்.

கஞ்சிராவுக்கு இன்னொரு கஷ்டம் இருந்தது. ஏ.சி. அறையில் அதன் தோல் இறுகி, தட்டினால் கீச்சென்று கத்தியது. உள்பக்கம் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவினால்தான் அதற்குத் தொண்டை திறக்கும். கணினிக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு அனுமதி இல்லை என்று கிளிக் சொல்லிவிட்டது.

அடுத்து, தாள நடை. கஞ்சிராவுக்கு ஐந்து ஐந்தாக நடப்பதில் ஆசை. பெண்டிர் ஆறு ஆறாக நடக்கும், அதிலும் மூன்றாவது அடி கொஞ்சம் தாமதமாக விழும். மலைப்பாதையில் தலைச்சுமையோடு இறங்குகிறவள் ஒரு கல்லின் மேல் நின்று நிதானித்துவிட்டு அடுத்த காலை வைப்பாளே, அந்த மாதிரி. கிளிக்குக்கு நான்கு மட்டும்தான் தெரியும்.

"உங்கள் மரபை நான் மதிக்கிறேன். நான்குக்குள் அதைக் கொண்டுவாருங்கள்" என்றது.

இரண்டும் கொண்டுவந்தன. செல்லோ அவற்றின் மேல் நீளமாக ஒரு சுரத்தை இழுத்தது. இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டது. கிளிக் அன்றைக்கு மட்டும் மூன்று தடவை 'ஆன்மா' என்று சொன்னது.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை. வீட்டின் பின்பக்கம் ஒரு முற்றம், அதை ஒட்டி அடுக்களை. அங்கே தனக்கோடி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வருகிற போகிற வாத்தியங்களுக்குச் சமைத்துப்போட்டு, தண்ணி மொண்டுகொடுத்து, துணி காயப்போடுகிற வேலை அவளுடையது. கஞ்சிராவும் பெண்டிரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தாள்.

"என்னாது இது, ஆளாளுக்குப் பிளாஸ்திரி? காயமா?"

"காயம் இல்லக்கா. சுத்தம்" என்றது கஞ்சிரா.

"நல்ல சுத்தம் போ." வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தனக்கோடி இரண்டு பிளாஸ்திரியையும் பிய்த்தெடுத்தாள். கஞ்சிரா கேட்டதும் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.

கஞ்சிரா தன் உள்பக்கத்தில் இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டது. பெண்டிர் பதறிப்போனது.

"தண்ணீரா? தோலுக்கா? செத்துப்போய்விடுவாயே!"

"இது இல்லாட்டித்தான்ண்ணே செத்துப்போவேன்."

பெண்டிர் முற்றத்து வெயிலில் போய் முகத்தைக் காட்டிப் படுத்துக்கொண்டது. கடற்காற்றில் அதன் தோல் தொளதொளத்துக் கிடந்தது. இப்போது கஞ்சிரா பதறியது.

"இந்த வெயில்லயா? வெடிச்சுப்போயிடுவீங்க!"

"சூடு ஏறினால்தான் நான் நான்."

இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கிடந்தன. பிறகு கஞ்சிரா தொண்டை சரியாகிவிட்டதா என்று பார்க்க மெதுவாகத் தட்டிப் பார்த்தது. ஐந்து, ஐந்து, ஐந்து. காசு சிணுங்கியது. பெண்டிரும் தோல் காய்ந்துவிட்டதா என்று பார்த்தது. ஆறு, ஆறு, நடுவில் அந்தத் தயக்கம். நரம்பு முனகியது.

யாரும் யாருக்காகவும் நடையை மாற்றவில்லை. ஒருவர் தெருவில் ஒருவர் போவதும் வருவதுமாக இருந்தது. திடீரென்று ஓர் இடத்தில் இரண்டும் ஒரே அடியில் போய் நின்றன. கஞ்சிரா நிமிர்ந்து பார்த்தது. பெண்டிரும் பார்த்தது. மறுபடி கிளம்பின. பிரிந்து, சுற்றி, எங்கோ போய், எப்போது வரும் எப்போது வரும் என்று இருக்கும்போது மறுபடி அந்த இடம் வந்தது. இந்தத் தடவை பெண்டிர் கல்லின் மேல் நிற்பதைப்போல நின்றபோது, கஞ்சிராவும் அதற்காக இம்மியளவு நின்று காத்திருந்தது.

தனக்கோடி வெங்காயத்தை மறந்து உட்கார்ந்திருந்தாள். "எங்கடா சேருவீங்கன்னு காத்துக்கிட்டே கெடக்கேன்" என்றாள். "விடாதீங்க, அடிங்க."

உள்ளே இருந்த செல்லோ சத்தம் கேட்டு முற்றத்து வாசலில் வந்து நின்றது.

"நானும் வரலாமா? எங்கே நுழைய வேண்டும்?"

"நாங்க சேர்ற இடத்துலக்கா" என்றது கஞ்சிரா.

செல்லோ படித்த வாத்தியம். ஐந்தும் ஆறும் முப்பதில் சேரும் என்று கணக்குப் போட்டது. முப்பது எண்ணி, வில்லைப் போட்டது. தப்பு. மற்ற இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை. பெண்டிரின் தயக்கம் கணக்கில் இல்லை.

மறுபடி எண்ணியது. மறுபடி முந்திக்கொண்டது.

தனக்கோடி சிரித்துவிட்டாள். செல்லோவுக்கு முகம் சிவந்தது. பிறந்து நூற்றிருபது வருஷத்தில் யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஆனால் போக மனம் வரவில்லை. மூன்றாவது தடவை எண்ணுவதை விட்டுவிட்டு, பெண்டிரின் நரம்பையும் கஞ்சிராவின் காசையும் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றது. அவை மூச்சிழுத்த இடத்தில் அதுவும் மூச்சிழுத்தது. வில் இறங்கியது. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன.

செல்லோ அழுததா என்று தெரியவில்லை. அதன் குரலே அப்படித்தான்.

அறையில் மைக் ஒன்று அணைக்கப்படாமல் இருந்தது. அது போய்ச் சொல்ல, கிளிக் அலறி அடித்துக்கொண்டு வந்தது.

"கேட்டேன்! எல்லாவற்றையும் கேட்டேன்! இதுதான். இதைத்தான் பதிய வேண்டும்."

"நீங்க இல்லாம வாசிக்கணும் சார்" என்றது கஞ்சிரா.

கிளிக்கின் முகம் வாடியது. "நான் இல்லாமல் எங்கே இருக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்?"

"ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்" என்றது பெண்டிர்.

 கிளிக் மிகவும் பெருந்தன்மையாக, சரி என்றது.

வியாழக்கிழமை அவை பன்னிரண்டு நிமிஷம் வாசித்தன. ஏ.சி. நிறுத்தப்பட்டிருந்தது. டம்ளரில் தண்ணீர் இருந்தது.  

வெள்ளிக்கிழமை காலையில் கிளிக் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, முதலில் கஞ்சிராவிடம் தனியாகப் போனது.

"அற்புதம். ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி. அடிகள் ஆங்காங்கே நகர்ந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்து, கணினித் திரையில் இருக்கும் என் எண்ணிக்கைக் கோட்டின் மேல் வைக்கப்போகிறேன். ஓர் அடிகூடக் குறையாது. இரைச்சலை மட்டும் துடைத்துவிடுவேன்."

"அப்ப நாங்க காத்துக்கிட்டு நின்ன இடம்?"

"அது தேவைப்படாது. எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுவீர்கள்."

கஞ்சிரா தயங்கியது. "பெண்டிர் அண்ணன் என்ன சொல்றாங்க?"

"அவர் சம்மதித்துவிட்டார். உலகமே கேட்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை."

கஞ்சிராவுக்கு இதில் இஷ்டமில்லை. ஆனால் கடல் தாண்டி வந்திருக்கிறார். நம் மண்ணுக்கு வந்த விருந்தாளி. அவர் ஆசையை நாம் கெடுப்பதா? கையெழுத்துப் போட்டது.

கிளிக் அந்தத் தாளோடு பெண்டிரிடம் போனது. பெண்டிர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கஞ்சிரா என்ன சொல்கிறது?" என்றது. கிளிக் தாளைக் காட்டியது. பெண்டிர் அந்தக் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தது. இது அவர்கள் வீடு. வந்த இடத்தில் வீட்டுக்காரர் மனம் நோகப் பேசுவது என்ன மரியாதை? அதுவும் கையெழுத்துப் போட்டது.

செல்லோதான் கொஞ்சம் சத்தம் போட்டது. "அந்தத் தயக்கம் போய்விட்டால் என்ன மிஞ்சும்? இது கூடாது."

"அவர்கள் இருவரும் சம்மதித்த பிறகுமா?" என்று கிளிக் வருத்தத்தோடு கேட்டது. "அவர்கள் பண்பாட்டுக்கு எது நல்லது என்று தீர்மானிக்க நீ யார்?"

செல்லோவுக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை காலம் தன் இனத்தார் செய்ததையே தானும் செய்துவிட்டோமே என்று நினைத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டது.

அன்றைக்குக் கிளிக் சொன்னது ஒரே ஒரு பொய், கஞ்சிராவிடம். பெண்டிரிடமும் செல்லோவிடமும் சொன்னவை, அது சொல்வதற்குள் உண்மையாகிவிட்டிருந்தன.

மாலையில் மூன்றும் விடைபெற்றுக்கொண்டன. கையெழுத்துப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர் மகிழ்ச்சியைக் கெடுக்க யாருக்கும் மனமில்லை.

எட்டு மாதம் கழித்து, ஐரோப்பாவில் ஒரு பெரிய நகரத்தில் அந்த இசைத்தட்டுக்கு விருது கொடுத்தார்கள். 'ஆண்டின் மிக ஆத்மார்த்தமான இசை' என்பது விருதின் பெயர். மூன்று வாத்தியங்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தன. விளக்குகள் மங்கின. ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது.

ஆயிரத்து இருநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

ஒரு நிமிஷம் போனது. பெண்டிர் குனிந்து கஞ்சிராவின் காதில் கேட்டது. "யார் வாசிப்பது? நன்றாகத்தான் இருக்கிறது."

"நாமதான்ண்ணே."

"நாமா?"

"உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். நீங்க சம்மதிச்சதாலதானே நான் கையெழுத்துப் போட்டேன்."

"நானா? நீ போட்டிருந்ததைப் பார்த்துத்தான் நான் போட்டேன்."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒலிபெருக்கியில் அவற்றின் அடிகள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூடக் குறையாமல், வரிசையில் நிற்கிற சிப்பாய்களைப்போல. பக்கத்து இருக்கையில் செல்லோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அது தன் வில்லை இறுகப் பிடித்தது.

பாட்டு முடிந்தது. சபை எழுந்து நின்றது. கிளிக் மேடையில் ஏறி, பண்பாடுகள் ஒன்றையொன்று உண்மையாகவே கேட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி என்று பேசியது. பிறகு, "இப்போது அதே பாட்டை நேரில் கேட்கலாம்" என்று மூவரையும் மேடைக்கு அழைத்தது.

மேடையில் தண்ணீர் இருந்தது, பேச்சாளருக்காக வைத்தது. கஞ்சிரா அதில் இரண்டு சொட்டு எடுத்துக்கொண்டது. பெண்டிர் மேடை விளக்கின் சூட்டில் முகத்தைக் காட்டியபடி நின்றது. பிறகு இரண்டும் புதுச்சேரி முற்றத்தில் வாசித்தபடியே வாசிக்கத் தொடங்கின. ஐந்து ஐந்தாக ஒன்று. ஆறு ஆறாக, நடுவில் நின்று நிதானித்து, ஒன்று.

சபைக்கு உற்சாகம் தாங்கவில்லை. கலந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். யாரோ ஒருவர் கை தட்டத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஆயிரத்து இருநூறு பேரும் ஒன்றாக, சீராக, அன்பாகத் தட்டினார்கள். டக், டக், டக், டக். மேடை ஓரத்தில் கிளிக் பூரித்துப்போய் நின்றது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே கஞ்சிராவுக்குப் பெண்டிர் கேட்கவில்லை. பெண்டிருக்குக் கஞ்சிரா கேட்கவில்லை. கால் தடுமாறியது. நான்குக்குள் விழுந்துவிட்டால் சுலபமாகப் போய்விடும். விழாமல், கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டும் நடந்தன.

செல்லோ வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. சபை அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அது நுழைய வேண்டிய இடம் எல்லோருக்கும் தெரியும், இசைத்தட்டில் கேட்டு மனப்பாடம். அந்த இடம் வந்தது. செல்லோ வாசிக்கவில்லை. கிளிக் கையால் ஜாடை காட்டியது. செல்லோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அது பெண்டிரின் தோள் அந்தத் தயக்கத்தில் நிற்பதைப் பார்த்தது. கஞ்சிரா அந்தத் தோளுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தது. தானும் காத்திருந்தது.

பிறகு, இரண்டு கைதட்டலுக்கு நடுவில், யாரும் நினைக்காத ஓர் இடத்தில் அதன் வில் இறங்கியது. அதே கணத்தில் கஞ்சிராவும் பெண்டிரும் அங்கே இருந்தன.

கைதட்டல் குழம்பியது. சிலர் முந்தினார்கள், சிலர் பிந்தினார்கள். ஒவ்வொரு கையாக நின்றது. சபையில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. மூன்றாவது வரிசையில் ஒரு பெண், தட்ட எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவை மறுபடி எப்போது சேரும் என்று காத்திருந்தாள்.

மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் நிகழ்ச்சியைப் பாராட்டி எழுதின. ஒரே ஒரு குறைதான் சொல்லியிருந்தன: செல்லோ ஓர் இடத்தில் தாளம் தப்பிவிட்டது.